கோணல்

மேஸ்திரி மூன்று நாள் கூலிக்குப் பதிலாகத் தந்தானாம்.
சொக்கிகுளத்தில் ஏதோ பங்களா இடிப்பு.
மாடியில் பச்சைத் துணி போர்த்திய மேசை ஒன்று,
பிரித்து இறக்க எட்டு ஆள்.
'துணிக்கு அடியில கல்லுண்ணே, முழுக் கல்லு'
என்றாள் ஒச்சம்மா.
மேசை லாரி ஏறிவிட்டது.
குச்சி அவள் பங்கு.

சிம்மக்கல் சந்தில் என் கடைக்குள்
அதைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து
ஒரு வழியாக நுழைத்தாள்.
மின்விசிறி தப்பித்தது.

ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு.
அடியைத்தான் முதலில் பார்ப்பேன்.
நுனியை எவன் வேண்டுமானாலும் மாற்றியிருப்பான்.
வெட்டுமுகத்தில் பதினேழு என்று குத்தியிருந்தது,
அவுன்ஸ் கணக்கு.
தராசில் பன்னிரண்டு கிராம் குறைந்தது.
இத்தனை வருஷ வெயிலில் மரம் விட்ட மூச்சு அது,
குறையாமல் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கருங்காலி நான்கு நாக்காக மேலேறி
வெளிர் மரத்துக்குள் கூராக முடிகிறது.
நாலும் ஒரே உயரமென்றால் மிஷின் வேலை.
இதில் ஒரு நாக்கு
ஓர் அரிசி குட்டை.

அந்த ஓர் அரிசிக்கு என் நெஞ்சு
டவுன்பஸ் மாதிரி குலுங்கியது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
துடைக்க அதில் எதுவும் இல்லை.

தண்டு நெடுக ரேகைகள் அம்பு அம்பாக,
எல்லாம் ஒரே திசை பார்த்து.
பித்தளை வளையத்தில் பச்சை.
தோல் முனை காய்ந்த இலந்தை,
அதன் ஓரத்தில் இன்னும் கொஞ்சம்
நீலப் பொடி.
எந்த ஆட்டத்துக்குப் பூசியது,
யார் தோற்றது.

அடிப்பக்கம் சின்னத் தகடு, இரண்டு ஆணி.
தகட்டைப் பிற்பாடு ஒட்டுகிறவன்
ஆணியில் மாட்டிக்கொள்வான்.
இந்த ஆணிகளுக்கும் மரத்துக்கும் ஒரே வயது.

'என்ன பேர் போட்ருக்கு?'
'கம்பெனி பேர்' என்றேன்.
பொய்யில்லை.
அந்தக் கம்பெனியின் குச்சிக்காக
திண்டுக்கல் டாக்டர் ஒருவர்
மாதம் தவறாமல் போன் செய்கிறார் என்பதை
அவள் கேட்கவில்லை.

'அழுக்கா இருக்கு. வேணும்னா
உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடிச்சுக் கொண்டாரட்டா?'
'ஐயோ, வேண்டாம்!'
கை தானாக நீண்டு குச்சியை மறித்தது.

அவள் என் கையைப் பார்த்தாள்.

சமாளிக்க வேண்டும்.
கண்ணாடி மேசைமேல் கிடத்தி
ஒரு விரலால் விட்டேன்.
சத்தமே இல்லாமல் உருண்டு
என் வயிற்றில் முட்டி நின்றது.
'பார், நிக்க மாட்டேங்குது. கோணல்.
மூணு நாள் கூலிதானே? மேலே முந்நூறு சேர்த்துத் தரேன்.'

'கோணக் கம்பி உருளாதுண்ணே' என்றாள்.
'தத்தும்.
தத்தித் தத்தி ஒரு எடத்துல ஒக்காந்துக்கிரும்.'
எடுத்து ஒரு கண்ணை மூடி
நீளவாக்கில் நோக்கினாள்,
சுவருக்கு நூல் பிடிக்கிற மாதிரி.
அந்தக் கோட்டின் அந்தப் பக்கம்
நான் இருந்தேன்.

'பதினோரு வருசம் சித்தாளு.
எனக்கு ரசமட்டம் வேணாம்.'
தண்ணீர் பாட்டிலைத் திறந்து
மேசை நடுவில் ஒரு மூடி ஊற்றினாள்.

தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு என்னைப் பார்த்து ஓட ஆரம்பித்தது,
ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தை நனைத்து,
விளிம்பில் தொங்கி,
கல்லாவுக்குள் சொட்டியது.

இருபது வருஷமாக
இந்த மேசையில்தான் எல்லாவற்றையும் மதிப்பிட்டேன்.
வெண்கலக் குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம்,
அடகில் முழுகிய வயலின்.

'எட்டாயிரம்' என்றேன்.

'இன்னும் ஓடுதுண்ணே.'

'பதினைஞ்சு.'

அவள் பாட்டிலை மூடவில்லை.